புண்ணாக்குப் பூஞ்சணம் பாலுக்கு வரும் வழி

பாலில் கோளாறு என்றாலே தண்ணீர், யூரியா என்றுதான் பேச்சு போகும். ஆனால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடெங்கும் எடுத்த 6,432 மாதிரிகளில் கலப்படத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. யாரும் ஊற்றிக் கலந்ததல்ல அது. மாடு தின்ற தீவனம் வழியாக வந்தது.

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் மூன்றிலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் எளிதாகப் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சை மாட்டின் கல்லீரல் எம்1 ஆக மாற்றுகிறது. தின்ற பி1-ல் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் பாலுக்கு வந்துவிடும். அதிகம் கறக்கும் மாடுகளில் 6 சதவீதம்வரை போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் பி1 உள்ள புண்ணாக்கை ஒரு மாடு தினம் ஒரு கிலோ தின்கிறது. 10 லிட்டர் கறக்கிறது. 2 சதவீதம் என்றால் 6 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு 0.6. இந்திய வரம்பு 0.5, ஐரோப்பிய வரம்போ 0.05 தான். ஒரே ஒரு கெட்ட மூட்டை போதும், அந்த வீட்டுப் பால் வரம்பைத் தாண்டிவிடும். அதைக் குழந்தைகள்தான் அதிகம் குடிக்கிறார்கள் என்பதால் இதைச் சின்ன விஷயமாக விட முடியாது.

காய்ச்சினால் போய்விடாதா? போகாது. பாலைக் கொதிக்க வைக்கும் சூட்டுக்கு எம்1 அசையாது. கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், அதே பாலில் செய்த பனீரில் கிலோவுக்குக் கிலோ இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே தடுக்க வேண்டிய இடம் தீவன அறை. மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கூரை ஒழுகக்கூடாது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். கட்டி கட்டியாக, பச்சை படர்ந்து, முக்கல் வாடை வந்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்தால் ஈரம்தான் போகும். ஏற்கெனவே ஊறிய நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நல்ல தீவனத்தோடு கலந்து தீர்ப்பதும் தவறு. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், மொத்தமாக வாங்குகிறவர்கள் ஆய்வகத்தில் பி1 அளவைப் பார்ப்பது நல்லது. கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும் தீவனத்தை மாற்றிவிடுங்கள். மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 வெகுவாக இறங்கிவிடும். ஒதுக்கிய மூட்டையைக் கோழிக்கோ வாத்துக்கோ போடாதீர்கள். வாத்துக் குஞ்சின் கல்லீரல் மாட்டைவிட வேகமாக அழியும்.