குலுக்கக் குலுக்கப் பிரியும்

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் போனால் கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு, ஓமப்பொடிக் கலவை) கடைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நிறைந்த டப்பாவில் மேலாக அள்ளினால் நிலக்கடலையும் முறுக்குத் துண்டும் வரும். டப்பா காலியாகும் நேரத்தில் வாங்குகிறவருக்கு ஓமப்பொடித் தூளும் உப்பும்தான். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. ஈப்போவிலிருந்து பினாங்கு வரை லாரியில் குலுங்கி வந்ததில் டப்பாவுக்குள் இருப்பது தானாகப் பிரிந்துவிட்டது.

ஒவ்வொரு குலுக்கலிலும் எல்லாத் துண்டுகளும் கொஞ்சம் எழும்பி விழுகின்றன. எழும்பிய அந்த நொடியில் ஒரு கடலைக்கு அடியில் சின்ன இடைவெளி திறக்கிறது. தூள் சட்டென்று அதில் இறங்கிவிடும். கடலை கீழே இறங்க வேண்டுமானால் கடலை அளவுக்கே ஓர் இடம் திறக்க வேண்டும், அது அபூர்வம். தூளுக்கு இறங்க ஆயிரம் வாய்ப்பு, கடலைக்கு ஒன்றோ இரண்டோ. இப்படியே போனால் பெரியது மேலே வந்துவிடும். 1987-இல் இயற்பியலாளர்கள் இதைக் கணினியில் போலச் செய்து காட்டி, 'பிரேசில் கொட்டை விளைவு' என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழியும் தெரிந்தது: குலுக்கும்போது துகள்கள் பாத்திரத்தின் நடுவில் மேலேறி, சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் கீழிறங்குகின்றன. பெரிய துண்டு மேலே வந்துவிடும், ஆனால் அந்த மெல்லிய அடுக்குக்குள் நுழைய முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாத்திரை செய்யும் தொழிற்சாலைகளுக்கு இதெல்லாம் பெரிய தலைவலி. மருந்துப்பொடி பிரிந்தால் ஒரு மாத்திரையில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும்.

டப்பாவுக்குள் நடப்பதில் யாருக்கும் யார் மேலும் ஈர்ப்போ வெறுப்போ கிடையாது. அளவு வித்தியாசம் மட்டும் போதும். ஈர்ப்பும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் போக வேண்டும். 1972-இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பழக்கமான பொருள் சோல்டர், மின்னணு உறுப்புகளை இணைக்க உருக்கி ஒட்டும் உலோகக் கலவை. பழைய வகைச் சோல்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் உருகும்.

உருகிக் கிடக்கும்போது இரண்டு உலோகத்தின் அணுக்களும் ஒரே சீராகக் கலந்திருக்கும். இறுகியதும் கதை மாறுகிறது. வெள்ளீய அணு வெள்ளீயத்தின் பக்கத்தில், காரீய அணு காரீயத்தின் பக்கத்தில் இருந்தால் ஆற்றல் கொஞ்சம் மிச்சம். வித்தியாசம் மிகச் சிறியதுதான். சூடு அதிகமாக இருக்கும்போது அணுக்களின் ஆட்டம் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. சூடு தணிந்ததும் அது பேச ஆரம்பிக்கும். வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளீயம் ஒரு வரி, காரீயம் ஒரு வரி என்று பிரிந்து நிற்பது தெரியும்.

அதோடும் நிற்பதில்லை. சின்னத் திட்டின் விளிம்பில் இருக்கும் அணுவுக்குச் சுற்றிலும் சொந்தம் குறைவு, அதனால் சுலபமாகக் கழன்று போகும். பெரிய திட்டில் போய் ஒட்டிக்கொண்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சின்னத் திட்டுகள் கரைந்து மறைய, பெரியவை இன்னும் பெருக்கும். நம் ஊர் வெயிலில், கெல்வின் கணக்கில் ஏறக்குறைய 300 டிகிரியில், சோல்டர் தன் உருகுநிலையின் (456 கெல்வின்) மூன்றில் இரண்டு பங்குச் சூட்டிலேயே எப்போதும் இருக்கிறது. எனவே திடமாக இறுகிய பிறகும் அணுக்கள் மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் சூடேறி ஆறிய பழைய சர்க்கியூட் பலகையில் இணைப்பு விரிசல் விடுவதற்கு இந்தத் திட்டுகள் தடிப்பதும் ஒரு காரணம்.

சரி, மனிதர்கள்?

அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் காசுகளைக் கொண்டு ஒரு விளையாட்டு விளையாடினார். 2005-இல் நோபல் பரிசை ராபர்ட் ஔமனுடன் பகிர்ந்துகொண்டவர் இவர். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் வெள்ளி நிறப் பத்து சென் காசு 22, மஞ்சள் நிற இருபது சென் காசு 22 எடுத்து இஷ்டத்துக்குப் பரப்புங்கள். 20 கட்டம் காலியாக இருக்கும். ஒவ்வொரு காசும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்க்கட்டும். அங்கே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் நிறம் என்றால் அதே இடத்தில் இருக்கலாம். இல்லையென்றால் திருப்தி தரும் காலிக் கட்டத்துக்கு மாறலாம். எல்லாரும் அமைதியாகும் வரை இதைத் தொடருங்கள்.

தொடக்கத்தில் ஒரு காசின் அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அதன் நிறமாக இருப்பார்கள். முடிவில் அது சாதாரணமாக 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். பலகை திட்டுத் திட்டாகப் பிரிந்து கிடக்கும். இத்தனைக்கும் எந்தக் காசும் மற்ற நிறத்தைத் துரத்தவில்லை. மூன்றில் இரண்டு பங்கு அயலாராக இருந்தாலும் சம்மதம் என்றுதான் ஒவ்வொன்றும் சொன்னது. ஆனால் ஒரு காசு கிளம்பும்போது, விட்டுவந்த இடத்தில் இருந்த தன் நிறத்தாருக்கு ஒரு துணை குறைகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மற்ற நிறத்தாருக்கு ஓர் அந்நியர் கூடுகிறார். ஆக, ஒருவர் நகர்ந்தால் இரண்டு இடத்திலும் யாரோ தவிக்கிறார்கள், அவர்களும் நகர்கிறார்கள்.

2006-இல் வானியற்பியலாளர் தேயான் விங்கோவிச், பொருளியலாளர் ஆலன் கிர்மன் இருவரும் இந்தத் திட்டுகளின் ஓரங்களை ஆராய்ந்து, அவை பரப்பு இழுவிசை உள்ள பொருளைப் போல, நீர்த்துளி தன் விளிம்பைச் சுருக்கிக்கொள்வதுபோல, நடந்துகொள்வதைக் காட்டினார்கள். சோல்டரில் பார்த்த அதே விளிம்புக் கணக்குதான். ஆனாலும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சோல்டர் பிரிவதால் மொத்த ஆற்றல் குறைகிறது. நகரத்தில் மொத்தத்தை யாரும் பார்ப்பதில்லை, அவரவர் தம் வாசலைத்தான் பார்க்கிறார்கள். 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை எல்லைக்கே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பாதிப் பாதி கலந்த வட்டாரம்தான் மிகவும் பிடிக்கும், ஆனால் அது கிடைக்காவிட்டால் சிறுபான்மையாக இருப்பதைவிடப் பெரும்பான்மையாக இருப்பது தேவலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நகரம் பிரிந்துதான் போகிறது. தற்செயலாக 51-க்கு 49 ஆனதும் 49 பக்கம் ஒருவர் கிளம்புவார், 48 ஆகும், அடுத்தவர் கிளம்புவார். எல்லாரும் விரும்பியது ஒன்று, எல்லாருக்கும் கிடைத்தது வேறு. தங்கள் நகர்வால் மற்றவருக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் பேர் கணக்கில் எடுத்தாலே கலவை நிலைத்துவிடும் என்பது 2018-இல் வந்த வேறோர் ஆய்வில் தெரிந்தது.

ஷெல்லிங்கின் பலகையில் இரண்டு நிறமும் சம எண்ணிக்கை. மலேசியாவில் இந்தியர்கள் 100-க்கு ஏறக்குறைய 7 பேர். இந்தக் கணக்கைப் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை, போட்டுப் பார்க்கலாம். நாடு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் முறையில் வீடு கொடுத்தால், ஓர் இந்தியக் குடும்பத்தின் எட்டு அண்டை வீடுகளில் ஒன்றுகூட இந்திய வீடாக இல்லாமல் போகும் வாய்ப்பு 56 சதவீதம். (0.93-ஐ எட்டு முறை பெருக்கினால் வரும்.) இரண்டு வீடாவது வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது நிறைவேறுவது பத்தில் ஒரு குடும்பத்துக்குத்தான். இதே ஆசை, எட்டில் இரண்டு, பாதிப் பாதி உள்ள சமூகத்தில் 96 சதவீதம் பேருக்கு எதுவும் செய்யாமலே நிறைவேறிவிடும். அதாவது பெரும்பான்மையினர் வீட்டைத் தேடும்போது இந்த ஆசை தங்களுக்கு இருப்பதையே உணர வேண்டியதில்லை. நமக்கு மட்டும் அதற்காக இடம் மாற வேண்டியிருக்கிறது. பிறகு "இந்தியர்கள் ஒரே இடத்தில்தான் குவிவார்கள்" என்று பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பேச்சின் மேல் கோபமே உண்டு, எண்ணிக்கை செய்யும் வேலையை மனப்பான்மையின் தலையில் கட்டுகிறார்கள்.

எட்டு வீட்டோடு தேவை முடிவதில்லை. தமிழ்ப்பள்ளி நடக்க ஒரு வகுப்புக்குப் பிள்ளைகள் வேண்டும். மளிகைக்கடையில் முருங்கைக்கீரை வாடுவதற்குள் விற்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சமூகத்தில் இவை நிற்காது. தோட்டப்புறத்தை விட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்த பிறகும் பள்ளி பால்மரக் காட்டிலேயே நின்றுவிட்ட ஊர்கள் எத்தனை!

காசு விளையாட்டில் இல்லாதவையும் நிறைய. அதில் வாடகை கிடையாது, சம்பளம் கிடையாது, "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்தில் போடும் வீட்டுக்காரர் கிடையாது. முக்கியமாக, முதல் நகர்வைச் செய்த கை கிடையாது. 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்த பிறகு உருவான பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் ஆரம்பத் தெருக்களிலேயே சீனாத் தெரு, சூலியா (தென்னிந்திய முஸ்லிம்) தெரு என்று பெயர் ஏறிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களை லயத்தில் குடிவைத்தது கம்பெனி. 1950 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோனது பிரிட்டிஷ் அரசு. 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு முடிந்தபோது ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றியது பணம். இவற்றில் எதையும் 'மெல்லிய விருப்பம்' என்று சொல்லிவிட முடியாது. ஷெல்லிங்கின் காசுகளைக் காட்டி "எல்லாம் தானாக நடந்தது" என்று பேசுகிறவர்களைக் கண்டால் ஜாக்கிரதை.

விளையாட்டு வேறு ஒன்றை நன்றாகச் சொல்கிறது. பிரிந்து முடிந்த பலகையில் இப்போது விதியைத் தளர்த்துங்கள். மூன்றில் ஒன்று வேண்டாம், எட்டில் ஒன்று போதும் என்று எல்லாக் காசும் தாராள மனசுக்கு மாறட்டும். ஒரு காசும் நகராது. ஏற்கெனவே திருப்தியாக இருப்பவர் ஏன் வீடு மாற வேண்டும்? பிரித்த கை போய்விட்டாலும், மனசே மாறிவிட்டாலும், அமைப்பு அப்படியே இருக்கும். சோல்டரை மறுபடி கலக்க 183 டிகிரி சூடு கொடுக்க வேண்டியிருப்பதுபோல, இங்கும் வெளியிலிருந்து ஏதாவது வந்தால்தான் உண்டு.

இதில் எந்த அளவில் பார்க்கிறோம் என்பதும் சேர்த்தி. ஜார்ஜ்டவுனின் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை ஒட்டி ஆங்கிலேயர் தேவாலயம், குவான் யின் கோயில், பள்ளிவாசல் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலின் கோபுரம். தெருவளவில் இதைவிடக் கலவை கிடையாது. வீட்டுக்கு வீடு எண்ணினால் கணக்கு வேறாக வரும். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள் இரவில் வெவ்வேறு தாமானில் (குடியிருப்பில்) தூங்குகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுவது தூங்குகிற இடத்தை.

வெளியிலிருந்து தள்ளிப் பார்த்த நாடு சிங்கப்பூர். அரசு அடுக்குமாடிகளில் 1989 முதல் ஒவ்வொரு புளோக்குக்கும் இன வாரியாக உச்சவரம்பு. இந்தியருக்கும் மற்றவருக்கும் சேர்த்து 13 சதவீதம், 2010-இல் அது 15 ஆனது. புளோக்குகள் உண்மையாகவே கலந்தன. ஆனால் செலவு எல்லாருக்கும் ஒரே அளவில் விழவில்லை. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே இருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஆகவே விலை இறங்கும் அல்லது வீடு விற்காமல் கிடக்கும். எண்ணிக்கையில் சின்னக் குழுவுக்கே மறுபடியும் பாரம். இந்தப் புகார் பல வருடம் தொடர்ந்த பிறகு, 2022-இல்தான், அப்படி மாட்டிக்கொண்ட உரிமையாளர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ள வீடமைப்பு வாரியம் முன்வந்தது.