ஒரு கிலோ சிலிகோனில் பத்து மில்லிகிராம் பிளாட்டினம்

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏசி காற்று வரும் துவாரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது எப்போதோ நின்றுபோனது. விரிசலை ஒட்டி, களிமண்ணில் பதித்து, மேலே சிலிகோன் ஊற்றி அச்சு எடுத்தேன். மறுநாள் பிரித்தால் அச்சு முழுக்க நன்றாக இறுகியிருக்கிறது. களிமண்ணைத் தொட்ட ஓரம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கிறது. மூன்று நாள் வைத்தும் இறுகவில்லை. கலவையில் தப்பா, சரக்கு பழசா?"

இரண்டும் இல்லை. கலவையில் தப்பு இருந்தால் அச்சு முழுக்கக் கெட்டிருக்கும். ஓரத்தில் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் காரணம் அந்த ஓரத்தில்தான் இருக்க வேண்டும். எனக்கும் இது நடந்திருக்கிறது. கதவுக் கைப்பிடியைச் சுற்றி வரும் சிறிய சட்டத்துக்கு அச்சு எடுத்தபோது ஒரு மூலை மட்டும் தேன்போல் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே காரணத்தைத் தேடப் போனதில்தான் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கார் உள்ளலங்காரத்தில் நிறைய இடங்களில் இருப்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்கு நெகிழ்வு தருவது உள்ளே பொடிப்பொடியாகக் கலந்திருக்கும் பியூட்டாடைன் ரப்பர். புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் போனால் பிளாஸ்டிக் மொறமொறப்பாகிவிடும், கிளிப்பை இழுத்த மாத்திரத்தில் ஒடியும். இப்படி ஒடிந்ததை வீட்டில் மறுபடி செய்ய எளிய வழி, அதை ஒட்டிச் சீராக்கி, சிலிகோனில் அச்சு எடுத்து, அந்த அச்சில் பாலியூரித்தேன் ரெசின் ஊற்றி வார்ப்பது. முப்பரிமாண அச்சுப்பொறியிலும் செய்யலாம். ஆனால் பரவலாகக் கிடைக்கும் பிஎல்ஏ இழை 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். நேர் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். அந்த வழிக்குப் போகிறவர்கள் ஏஎஸ்ஏ இழையைப் பார்க்கலாம். அது கிட்டத்தட்ட ஏபிஎஸ்தான். பியூட்டாடைனுக்குப் பதில் அக்ரிலேட் ரப்பர் இருப்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும்.

சரி, சிலிகோனுக்கு வருவோம். வாங்கும்போது இரண்டு டப்பாக்களாக வரும். இரண்டிலும் நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள்தான். சங்கிலியின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்தது. தனியாக இருக்கும்வரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால்தான் அது திரவம். ஒரு டப்பாவில் உள்ள சங்கிலிகளின் நுனியில் வினைல் என்ற சிறு தொகுதி இருக்கும், அதில் ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பு. இன்னொரு டப்பாவில் உள்ள சில சங்கிலிகளில் அங்கங்கே சிலிக்கானோடு ஒட்டிய ஹைட்ரஜன் இருக்கும். அந்த சிலிக்கானும் வினைலும் கைகோத்துவிட்டால் சங்கிலிகள் வலையாகிவிடும். திரவம் ரப்பராகிவிடும். ஆனால் இரண்டையும் சும்மா கலந்து வைத்தால் அறை வெப்பநிலையில் எதுவும் நடக்காது. நடுவில் ஒரு தரகர் தேவை. அந்தத் தரகர்தான் பிளாட்டினம். வேதியியலில் இதை வினையூக்கி என்பார்கள்.

பிளாட்டினம் அணு முதலில் சிலிக்கானுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே புகுந்து அந்தப் பிணைப்பைப் பிரிக்கிறது. பிரித்து இரண்டையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பக்கத்தில் வரும் வினைலின் இரட்டைப் பிணைப்பைத் தன்னருகே இழுக்கிறது. ஒரு கையில் இருந்த ஹைட்ரஜனை வினைலின் ஒரு கார்பனுக்குக் கொடுக்கிறது. மறுகையில் இருந்த சிலிக்கானை இன்னொரு கார்பனோடு இணைத்துவிடுகிறது. இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவே நிலையான பாலம் விழுந்துவிட்டது. பிளாட்டினத்தின் இரண்டு கைகளும் மறுபடி காலி. அடுத்த ஜோடியைத் தேடிப் போகிறது. இந்தச் சுழற்சியை சாக், ஹாரட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1965இல் விளக்கினார்கள்.

ஒரே அணு இதைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மிகமிகக் கொஞ்சம் பிளாட்டினம் போதும். பத்து லட்சம் பங்கு சிலிகோனுக்குப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் இருப்பது பத்து மில்லிகிராம். விரல் நுனியில் ஒட்டும் அளவுகூட இல்லை. அந்தத் துளிதான் ஒரு கிலோ திரவத்தையும் கெட்டியாக்குகிறது. நடுவில் ஆவியாகிப் போகும் துணைப்பொருள் எதுவும் கிடையாது. அதனால் அச்சு ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. டேஷ்போர்டுப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார வேண்டிய சட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது பிசுபிசுப்புக்கு வருகிறேன். பிளாட்டினம் வேலை செய்வது அதன் கைகள் காலியாகிக்கொண்டே இருப்பதால்தான். கந்தக அணுவில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் உண்டு. அவற்றோடு அது பிளாட்டினத்தைப் பிடித்தால் விடாது. கை அடைபட்ட பிளாட்டினம் கலவையிலேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. சங்கிலிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், கோப்பதற்கு ஆள் இருக்காது. மூன்று நாள் என்ன, மூன்று மாதம் காத்திருந்தாலும் இறுகாது. பத்து மில்லிகிராம் பிளாட்டினத்துக்கு அணுவுக்கு அணு ஈடு கொடுக்க எவ்வளவு கந்தகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளாட்டினத்தின் அணு எடை 195, கந்தகத்துக்கு 32. வகுத்தால் 1.6 மில்லிகிராம் வருகிறது. ஒரு கிலோ சிலிகோனை முடக்க அவ்வளவு போதும்.

சிற்பம் செய்யப் பயன்படும் எண்ணெய்க் களிமண் வகைகள் சிலவற்றில் கந்தகத்தூள் கலந்திருக்கும். வாசகரின் ஓரத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அதுதான். என் விஷயத்தில் களிமண்ணே இல்லை. சட்டத்தின் மூலையில் கதவு ரப்பர் பீடிங் பல வருடம் அழுத்திக்கொண்டிருந்த கறுப்புத் தடம் ஒன்று இருந்தது, சோப்பு போட்டுத் துடைத்தும் போகாமல் மங்கலாகத் தெரிந்தது. பிசுபிசுப்பு அந்தத் தடத்தின் வடிவத்திலேயே, அதே அகலத்தில் வந்திருந்தது. பீடிங் ரப்பரைப் பதப்படுத்தப் பொதுவாகக் கந்தகம் சேர்ப்பார்கள். லேடெக்ஸ் கையுறையிலும் அதன் மிச்சம் உண்டு. அந்தக் கையுறையோடு மாதிரியை, அதாவது அச்சு எடுக்கப்போகும் பாகத்தை, தடவிப் பார்த்தாலே சில சமயம் மேற்பரப்பு கெட்டுவிடும். நைட்ரைல் கையுறை பாதுகாப்பு.

என்னை அசத்தியது இந்த இடம்தான். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தது என்ன? இயற்கை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை. அங்கே கந்தகம்தான் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. ஒரு ரப்பரை ரப்பராக்கும் அதே தனிமம், இன்னொரு ரப்பரை ரப்பராக விடாமல் தடுக்கிறது. இதே பிளாட்டினம் உங்கள் காரின் அடியில், புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியிலும் இருக்கிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியதற்கு ஒரு காரணம், ஈயம் அந்த பிளாட்டினத்தின் பரப்பை மூடிக் கெடுத்துவிடும் என்பது. காருக்கு அடியிலும் மேஜைமேல் இருக்கும் அச்சிலும் நடப்பது ஒரே வகைக் கோளாறு.

இது தெரியாமல் எத்தனையோ பேர் "எனக்கு இதில் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரண்டாவது டப்பாவிலிருந்து கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் இறுகிவிடும் என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. அளவு மாறினால் நன்றாக இறுக வேண்டிய பகுதியும் கெடும். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஒரு தனிமம் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும் முடியும். கலந்த சிலிகோனில் ஒரு சொட்டை மாதிரியின் கண்ணில் படாத பின்பக்கத்தில் வைத்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் சுத்தமாக உரிந்து வந்தால் தைரியமாக ஊற்றலாம். ஒட்டிக்கொண்டால் மாதிரிக்கு அக்ரிலிக் தெளிபூச்சு இரண்டு முறை அடித்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி சொட்டு வைத்துப் பாருங்கள். வெள்ளீயத்தை வினையூக்கியாகக் கொண்ட சிலிகோனும் கிடைக்கிறது. அது கந்தகத்துக்குப் பயப்படாது. ஆனால் இறுகும்போது ஆல்கஹால் வெளியேறுவதால் அச்சு நாளடைவில் சுருங்கும். நான் சொட்டுச் சோதனை பக்கம்தான்.

சிலிகோனுக்குள் போன பிளாட்டினம் திரும்பி வருவதில்லை. வீட்டு அச்சுகளில் மட்டுமல்ல, தொழிற்சாலைகளில் கோடிக்கணக்கில் செய்யப்படும் பொருட்களிலும் அது அப்படியே சிறைப்பட்டுவிடுகிறது. அதற்குப் பதில் இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்று வேதியியலாளர்கள் முயல்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால் சிரிக் குழு 2012இல் இதே வினையைச் செய்யும் இரும்பு வினையூக்கிகளை வெளியிட்டது. இது பல வருடம் பொறுமையாகப் பணம் போட வேண்டிய வேலை. "இதனால் உடனே என்ன லாபம்" என்று கேட்டு இந்த மாதிரி ஆய்வுக்கு நிதியைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. நாம் கையில் வைத்திருக்கும் இந்த இரண்டு டப்பாக்களே முந்தைய தலைமுறையின் அப்படிப்பட்ட ஆய்வில் வந்தவைதான்.

அச்சு சரியாக வந்துவிட்டால் வார்ப்பு பாதி முடிந்த மாதிரி. ஒட்டோ பேயர் 1937இல் உருவாக்கிய பாலியூரித்தேன் வேதியியல்தான் இங்கே உதவுகிறது. ரெசினின் இரண்டு திரவங்களான ஐசோசயனேட்டும் பாலியாலும் சேர்ந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். இதற்கு ஆகாதது தண்ணீர். ஐசோசயனேட் ஈரத்தைச் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், வார்ப்பெல்லாம் குமிழியாகிவிடும். அச்சு, கலக்கும் குச்சி, டப்பாவின் வாய் மூன்றும் உலர்ந்திருக்கட்டும். ஐசோசயனேட் ஆவி சிலருக்கு நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். காற்றோட்டம் உள்ள இடத்தில், உரிய முகமூடியோடு மட்டும் செய்யுங்கள். ரெசின் வாங்கும்போது எந்த வெப்பநிலையில் வளையும் என்று தகவல் தாளில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏர்பேக் மூடியையோ அது வெடித்து வரும் பாதையில் இருக்கும் பாகத்தையோ வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அந்த மூடி கிழிய வேண்டிய இடத்தில் மட்டும் கிழியும்படி வடிவமைக்கப்பட்டது. வார்த்த மூடி துண்டுதுண்டாகத் தெறிக்கும்.

நீளமான பாகங்களில் திருகுத் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 60 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை 50 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அடியில் உள்ள எஃகு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அந்த வித்தியாசம் நகர்வதற்குத்தான் அந்த நீள்வட்டம். அழகாக இல்லையே என்று அதை அடைத்து வட்டமாக்கிவிட்டால் முதல் கோடையிலேயே பட்டை நெளிந்துவிடும்.

வாசகருக்கு: பிசுபிசுத்த அச்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது தேறாது. மாதிரியில் ஒட்டியிருப்பதை மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக்கைக் கரைக்கிறதா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். அப்புறம் தெளிபூச்சு, சொட்டுச் சோதனை, கந்தகம் இல்லாத களிமண். இன்னொன்று. என் இரண்டாவது அச்சு தோல்போன்ற மேற்பரப்பின் சுருக்கங்களை எல்லாம் எடுத்ததோடு, பின்பக்கத்தில் கோண அடைப்புக்குள் பொறித்திருந்த ஏபிஎஸ் என்ற எழுத்துகளையும் துல்லியமாக எடுத்துவிட்டது. வார்ப்பு ஏபிஎஸ் இல்லை, பாலியூரித்தேன். மறுசுழற்சியில் அதைப் பிரிப்பவரை அந்த எழுத்து ஏமாற்றிவிடும். உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஊசியால் பாலியூரித்தேன் என்றும் வார்த்த தேதியையும் கீறி வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.