பரோட்டா மாஸ்டரின் தோளும் ஓர் ஆபரேஷனும்

சிம்மக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பரோட்டா மாஸ்டருக்கு வலது தோளில் ஆறு மாதமாக வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் சுளீர் என்கிறது. அதைத் தாண்டிவிட்டால் குறைகிறது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை. "எலும்பு இடிக்குதாம்ணே, சுரண்டி விட்டா சரியாயிருமாம்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கரண்டியை வாயில் கவ்வி, எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடுவோமே, தோள் மூட்டும் அப்படித்தான். கையெலும்பின் பெரிய உருண்டை, ஆழமில்லாத சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரியும் பெரிய தசை கையை மேலே இழுக்கும்போது உருண்டையும் மேலே ஏறப் பார்க்கும். உள்ளேயிருக்கும் நாலு சின்னத் தசைகள் அதைக் குழியோடு பிடித்து வைக்கின்றன. அவற்றில் ஒன்றின் நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு), மேலே கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கு அடியில், ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளியில் ஓடுகிறது.

அந்தக் கூரைதான் நாணை உரசுகிறது என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதினார். கூரையைச் செதுக்கும் ஆபரேஷன் அப்புறம் உலகமெங்கும் பரவியது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சோதித்தபோது கதை மாறிவிட்டது.

பிரிட்டனில் 313 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் பயிற்சியும் ஊசியும் பார்த்து வலி தீராதவர்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொன்றுக்குக் கேமராவை மட்டும் விட்டுப் பார்த்து மூடினார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமே செய்யவில்லை. எலும்பு செதுக்கப்பட்டவர்களும், கேமரா மட்டும் விடப்பட்டவர்களும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். சும்மா இருந்தவர்களைவிட அவர்கள் கொஞ்சம் மேல்தான், ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை. கூரைதான் குற்றவாளி என்றால், அதைத் தொடாதவர்களுக்கு எப்படிக் குறைந்தது? 2019இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் நிபுணர் குழு, இந்த வலிக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

ஸ்கேனில் 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்று, அதாவது அந்த நாணில் கிழிசல் என்று வந்தாலும் உடனே பதற வேண்டியதில்லை. அறுபது தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் கிழிசல் இருக்கும். கீழே விழுந்த உடனே கையைத் தூக்க வராமல் போனால் அது வேறு கணக்கு. நாண் முழுசாக அறுந்திருக்கலாம், தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் பிடித்துத் திருப்பினாலும் கை அசையாமல் இறுகியிருந்தால், அதுவும் சர்க்கரை உள்ளவர் என்றால், அது 'தோள் இறுக்கம்' (ஃப்ரோசன் ஷோல்டர்) என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

மாஸ்டருக்கு இது எதுவும் இல்லை. அந்தச் சின்னத் தசைகளுக்குப் பலம் சேர, பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பட்டை கொடுத்து, மூன்று மாதம் விடாமல் இழுக்கச் சொல்லியிருக்கிறார். "அதுவரைக்கும் கடைய மூடணுமாண்ணே?" மூட வேண்டாம். இப்போது வீச்சைத் தம்பி பார்க்கிறான், கல்லை இவர் பார்க்கிறார்.