கஹோன் வாங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

கஹோன் என்பது மேலே உட்கார்ந்து, முன்பக்க முகப்பலகையைக் கையால் தட்டி வாசிக்கும் மரப்பெட்டித் தாளக்கருவி. அதைக் கற்க யார் வந்தாலும் முதலில் அவர்கள் முழங்காலைத்தான் பார்க்கிறேன். பெட்டிமேல் உட்கார்ந்ததும் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பக் கூடாது. பெரும்பாலான கஹோன்கள் 45 முதல் 50 செ.மீ. உயரம்தான். நெடிய ஆளுக்கு அது குட்டை. குனிந்தே வாசித்துப் பழகி, சில மாதத்தில் இடுப்பு வலியோடு வருவார். படத்தைப் பார்த்தே வாங்கியவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? சரி, கெட்டியான மெத்தை ஒன்றை மேலே போட்டு உயரத்தைச் சரிசெய்யலாம்.

அடுத்து, உள்ளே முகப்பலகையை உரசி ஒலிக்கும் கம்பி உள்ளதா என்று பாருங்கள். பெரு நாட்டில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் உருவாக்கிய கருவி இது. அங்கே கம்பி கிடையாது. மரத்தின் ஒலி மட்டும்தான். 1970களில் கிதார் கலைஞர் பாக்கோ தே லூசியா இதை ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசைக்குக் கொண்டுவந்தார். கம்பி சேர்ந்தது அதற்கப்புறம்தான். கம்பி தரும் 'சர்' ஒலி பாட்டுக்குத் துணையாக வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது கையின் தவறுகளையும் மூடிவிடும். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கம்பியைத் தளர்த்தி விலக்கக்கூடிய வகையையே சொல்வேன்.

வாங்கும்போது வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நான்கடி தள்ளி நின்று கேளுங்கள். ஒலித்துளை பின்பக்கம் இருப்பதால், மேலே உட்கார்ந்தவருக்குக் கேட்பதும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் வேறு வேறு. முகப்பலகையின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையால் தட்டினால் 'தும்', மேல் விளிம்பில் விரலால் தட்டினால் 'டக்'. இரண்டும் தெளிவாகப் பிரிந்து கேட்டால் நல்ல பெட்டி.

இனி கை. முகப்பலகை சுமார் 3 மி.மீ. தடிமன்தான், பலம் அதற்குத் தேவையே இல்லை. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை எப்படி உடனே விலகுமோ, அப்படித் தொட்டுத் திரும்ப வேண்டும். அழுத்தி நிறுத்தினால் ஒலி செத்துவிடும், அதிர்ச்சி முழுதும் விரல் மூட்டில் இறங்கும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். குனிவதற்குப் பதில் பெட்டியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

விரல் மரத்துப்போனாலோ வீங்கினாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். 'வலித்தால்தான் கை பழகும்' என்று யாரோ சொன்னதை நம்பி, வீங்கிய விரலோடு தினமும் வாசித்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். மருத்துவர் சொன்ன ஓய்வு முடிந்து வந்தவரை, பக்கத்தில் இருவர் பேசினால் அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மெதுவாக வாசிக்க வைத்தேன். வீக்கம் திரும்பவில்லை. அவருடைய 'தும்' முன்பைவிட ஆழமாகக் கேட்டது.