பாடி மாற்றிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) கிடைக்குமா? வெல்டிங் வைக்கும் முன் படியுங்கள்

பெருந்துறைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பழைய மினி லாரி வாங்கினார். பனியன் துணி ரோல் ஏற்றத் தொட்டி பத்தவில்லை என்று பின்னால் ஒன்றரை அடி நீட்டினார். "எஃப்சியெல்லாம் வந்துருமுங்ண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார் பட்டறைக்காரர். எஃப்சி அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) டேப்பைப் பிடித்தார். ஆர்சியில் ஒரு நீளம், வண்டியில் வேறு நீளம். மூன்று வாரம் வண்டி நின்றது, டியூ நிற்கவில்லை. நீட்டியதை வெட்டி எடுக்கவும் அவரேதான் கூலி கொடுத்தார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனி கொடுத்து ஆர்சியில் ஏறிய அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட், மாற்றுத்திறனாளிக்கான மாற்றம் போன்றவற்றுக்கு வழி உண்டு. அவையும் ஆர்சியில் ஏற வேண்டும்.

சொந்த கார் வைத்திருப்பவர்கள் "நமக்கென்ன எஃப்சி" என்று இருந்துவிடுகிறார்கள். 15 வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்கும்போது அதே இன்ஸ்பெக்டர் முன்னால்தான் காரை நிறுத்த வேண்டும். ஜீப்பின் கூரையை வெட்டியவர்கள் அன்றைக்குத்தான் முழிக்கிறார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதன்பின் வருடா வருடம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குத்தான். துரு தின்ற இடத்தில் பட்டறையில் பிளேட் வைத்து அடிப்பார்கள். அது சேசிஸ் நம்பர் மேல் விழுந்தால் பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுக்க முடியாது. நம்பர் தெரியாத வண்டி என்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். கிரைண்டர் போடும் முன் நம்பர் எங்கே இருக்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்டிஓ அனுமதியில்லாமல் புது நம்பர் வெட்ட விடவே விடாதீர்கள்.

முன்னால் போட்ட இரும்பு பம்பர், கண்ணாடியின் கறுப்பு ஃபிலிம், இரண்டையும் எஃப்சிக்கு முதல் நாளே கழற்றிவிடுங்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டவும் வேண்டாம், ரோட்டிலும் அது குற்றம்தான்.

மாற்றம் தேவைதான் என்றால் முதலில் ஆர்டிஓ ஆபீஸில் மனு கொடுங்கள். கடன் ஓடுகிறது என்றால் பைனான்ஸில் எழுத்துச் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். கிளார்க் இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல்வார், இன்ஸ்பெக்டர் செக்‌ஷனில் கேட்கச் சொல்வார். வாயால் கேட்டுக்கொண்டே அலைந்தால் இது முடியாது. மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். புரோக்கர் "பேசிட்டேன்" என்பதற்கு எந்த ரசீதும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், விபத்து நடந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

எஃப்சி மறுத்தால் "அப்புறம் வாங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 56-வது பிரிவே சொல்கிறது. கேட்க வாய் வராமல் எத்தனையோ பேர் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்தக் காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.