சொல் விளக்கம்: ‘சீட்’ – ஒரு சங்கம் சட்டப்படி எந்த ஊர்க்காரர்?

2024 மே 17 அன்று பாங்காக்கில் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் பொதுக்குழு கூடியது. 2027 மகளிர் உலகக் கோப்பையைப் பிரேசிலுக்குக் கொடுத்த கூட்டம் என்பதால் செய்தியெல்லாம் அதைச் சுற்றியே ஓடியது. அதே நாளில் சங்கத்தின் பைலாவிலும் பல திருத்தங்கள் நிறைவேறின. ஏழாக இருந்த நிலைக்குழுக்கள் முப்பத்தைந்தாகப் பெருகின. அதை விமர்சித்தவர்கள் உண்டு. நம் கவலை வேறொரு திருத்தம். சங்கத்தின் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் இருக்கும், பொதுக்குழு தீர்மானம் போட்டால் மட்டுமே வேறிடம் போகலாம் என்று பழைய விதி சொல்லிவந்தது. புதிய விதியில் ஜூரிக் இல்லை. பொதுக்குழு எங்கே என்று தீர்மானிக்கிறதோ அங்கே. அப்படி ஒரு தீர்மானம் வரும்வரை ஜூரிக்கிலேயே.

இதே காலத்தில் ஃபிஃபாவின் சட்டப் பிரிவு ஊழியர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அமெரிக்காவில் மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். பாரிஸில் 2021-லேயே ஓர் அலுவலகம் திறந்தாயிற்று. 2025-ல் நியூயார்க் டிரம்ப் டவரிலும் ஒன்று. அப்படியானால் ஃபிஃபா ஜூரிக்கை விட்டுப் போய்விட்டதா? ஆட்கள் போயிருக்கிறார்கள், ‘சீட்’ போகவில்லை. இந்தப் பதில் விளங்க வேண்டுமானால் அந்தச் சொல் விளங்க வேண்டும்.

சீட் என்றதும் நமக்குத் தோன்றுவது பஸ் சீட். அப்புறம் தேர்தல் சீட், மெடிக்கல் சீட். சட்டம் பேசும் சீட் இவற்றில் எதுவும் இல்லை. ஒரு சங்கமோ கம்பெனியோ சட்டத்தின் பார்வையில் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் சொல் அது. எந்த நாட்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும், அதன் முடிவை எதிர்க்க எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது. ரேஷன் கார்டு சொந்த ஊரிலும் குடித்தனம் சென்னையிலுமாக வாழ்கிற குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். சீட் என்பது ரேஷன் கார்டு இருக்கும் ஊர்.

சொல்லின் பிறப்பு ‘உட்கார்’ என்ற வினையில் இருக்கிறது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் இதன் உறவுச் சொல் ‘செடேஸ்’, பிரெஞ்சில் ‘ஸியேஜ்’, ஜெர்மனில் ‘சிட்ஸ்’. பிரெஞ்சு ஸியேஜுக்கு இருக்கை என்றும் பொருள், முற்றுகை என்றும் பொருள். கோட்டையைச் சுற்றிப் படை உட்கார்ந்துவிட்டால் அது முற்றுகைதானே. சமஸ்கிருதத்தின் ‘சத்’ என்ற வேரும் இந்தக் குடும்பமே. சதஸ், உபநிடதம், டெல்லியின் சன்சத் பவன் எல்லாவற்றிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

உட்காரும் இடம் எப்படி அமைப்பின் இடமானது? அதற்குத் திருச்சபையைப் பார்க்க வேண்டும். ஆயரின் நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். கதீட்ரல் என்ற பெயரே நாற்காலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சாந்தோம் பேராலயம் ஆகிறதும் இந்தக் கணக்கில்தான். ஆயர் எங்கே பயணம் போனாலும் நாற்காலி நகராது, அவருடைய அதிகாரம் நாற்காலி இருக்கும் ஊரின் பெயரிலேயே இருக்கும். போப்பின் ஆட்சிக்கு லத்தீனில் வழங்கும் ‘சாங்க்தா செடேஸ்’ என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘திருப்பீடம்’ என்று அழகாகச் சொல்கிறார்கள்.

‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ வேறு பரம்பரை. குவார்ட்டர் என்றால் நாலில் ஒரு பங்கு. நகரத்தின் ஒரு பகுதி, பிறகு அந்தப் பகுதியில் படைவீரர்களுக்கு ஒதுக்கிய தங்குமிடம் என்று பொருள் நகர்ந்தது. தளபதி தங்கும் இடம் ஹெட்குவார்ட்டர்ஸ். நம் ஊரில் போலீஸ் குவார்ட்டர்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று பழைய பொருளிலேயே சொல் உயிரோடு இருக்கிறது. (ஒருமையில் சொன்னால் தமிழ்நாட்டில் வேறு பொருள், அது இங்கே வேண்டாம்.) ஆக ஹெட்குவார்ட்டர்ஸ் என்பது படை நகர்ந்தால் கூடவே நகர்கிற கூடாரம். சீட் நகராத நாற்காலி. ஆங்கிலமே இரண்டையும் கலந்து பேசும். ஒலிம்பிக் சாசனம் தன் கமிட்டியின் ‘சீட்’ சுவிட்சர்லாந்தின் லோசானில் என்கிறது. ஃபிஃபா பைலாவின் ஆங்கில வடிவமோ ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ என்கிறது. இரண்டையும் ஆளுகிற சுவிஸ் சட்டம் பேசுவது சிட்ஸ், ஸியேஜ் என்று மட்டும்.

அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் தெரிந்தால் பெரிய பெரிய சங்கங்கள் ஏன் சுவிட்சர்லாந்தில் குவிந்தன என்பது பாதி புரிந்துவிடும். சிவில் சட்டத் தொகுப்பின் 60-ஆம் பிரிவின்படி, லாப நோக்கம் இல்லாத சங்கம் எழுத்தில் பைலா வைத்து, சங்கமாக இயங்கும் எண்ணத்தை அதில் காட்டினாலே சட்டப்படி உயிர் பெற்றுவிடும். பதிவாளரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. 56-ஆம் பிரிவு, பைலாவில் ஊர் சொல்லியிருந்தால் அதுவே சீட் என்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் நிர்வாகம் எங்கிருந்து நடக்கிறதோ அந்த ஊர். 75-ஆம் பிரிவுதான் சண்டைக்காரர்களுக்கு வேண்டியது. சட்டத்துக்கோ பைலாவுக்கோ விரோதமான தீர்மானத்துக்கு உடன்படாத உறுப்பினர், அது தெரிந்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

இந்த உரிமை உறுப்பினருக்குக் கிடைப்பது சீட் சுவிட்சர்லாந்தில் இருப்பதால். சீட் இன்னொரு நாட்டுக்குப் போனால், அந்த நாட்டுச் சட்டம் என்ன தருகிறதோ அதுதான் மிச்சம். தலைமையகம் மாற்றுகிற பேச்சு எழும்போதெல்லாம் ‘வாடகை குறையும், விமான வசதி நன்றாக இருக்கும்’ என்று வாதாடுபவர்கள் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் சீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரே சொல்லால் இரண்டு பொருளைப் பேசிக்கொண்டு இரு தரப்பும் ஒன்றையொன்று புரியாதவர்கள் என்று திட்டிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. அலுவலக வாடகை ஒப்பந்தத்தை நிர்வாகக் குழுவே போட்டுவிடலாம். சீட் மாற்றம் பொதுக்குழுவுக்குப் போக வேண்டும். ஃபிஃபாவில் அது 211 உறுப்புச் சங்கங்களின் வாக்கு. எது எந்த வகை மாற்றம் என்று பெயர் வைப்பதிலேயே யாருக்கு அதிகாரம் என்பது முடிவாகிவிடுகிறது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1909-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து தொடங்கிய இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ்தான் உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் இன்றைய ஐசிசி. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், எம்சிசி கிளப்பின் நிழலிலேயே வெகுகாலம் இருந்தது. அந்த கிளப்பின் செயலாளரே ஐசிசிக்கும் செயலாளர். 1993-ல்தான் தனித் தலைமை நிர்வாகி வந்தார், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வைத்திருந்த வீட்டோ அதிகாரமும் போனது.

பிறகு பணம் வந்தது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் காக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் பிரிட்டனோடு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் இல்லை. அதனால் உலகக் கோப்பை வருமானத்தைக் கையாள 1994-ல் மொனாக்கோவில் தனியாக ஒரு கம்பெனி வைத்தார்கள். தொடக்கத்தில் அது சின்ன ஏற்பாடு. 2001 முதல் ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளை மொத்தமாகக் கட்டி விற்றபோது அந்த அலுவலகம் வீங்கியது. ஆட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் லண்டனில், பணத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் மொனாக்கோவில் என்று ஐசிசி இரண்டாகப் பிரிந்து நின்றது.

எல்லோரையும் லார்ட்ஸிலேயே ஒன்றாக உட்காரவைக்கலாம், வணிக வருமானத்துக்கு மட்டும் கம்பெனி வரியிலிருந்து விலக்குக் கொடுங்கள் என்று பிரிட்டிஷ் அரசிடம் கேட்டார்கள். உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்ற கவலையில் அரசு மறுத்துவிட்டது. துபாய் கதவைத் திறந்தது. நிர்வாகக் குழுவில் 11-க்கு 1 என்று வாக்கு விழ, 2005 ஆகஸ்டில் ஐசிசி துபாய்க்குப் போனது. லண்டன், மொனாக்கோ அலுவலகங்கள் மூடப்பட்டன. அதிகாரம் லார்ட்ஸை விட்டு ஆசியாவுக்கு நகர்ந்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். என் கணக்கில் அதிகாரம் அதற்கு முன்பே நகர்ந்துவிட்டது, மேசை நாற்காலிதான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

இங்கே நம் சொல்லுக்கு வேலை இருக்கிறது. ஐசிசியின் ஹெட்குவார்ட்டர்ஸ் துபாய். ஆனால் சட்டப்படி ஐசிசி என்பது கரீபியக் கடலில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி. சீட் அங்கே. லண்டனில் எழுந்த வரிப் பிரச்சினைக்கு வேர், ஊழியர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள் என்பது. அலுவலகத்தை நகர்த்தினாலே அது தீர்ந்துவிட்டது. ஆகவே சீட்டும் அலுவலகமும் தனித்தனிக் கணக்கு என்பது உண்மைதான், ஆனால் சீட் மட்டுமே முக்கியம் என்று யாராவது சொன்னால் வரித்துறையைக் கேட்கச் சொல்லலாம்.

நம் வீட்டு வாசலிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருப்பது கிரிக்கெட் ரசிகர்கள் பலருக்கே தெரியாது. பிசிசிஐ என்றால் மும்பை, வான்கடே என்றுதான் நினைப்போம். அலுவலகம் அங்கேதான். ஆனால் அது பதிவாகியிருப்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளை ஒட்டிய புதிய பைலாவுக்கு 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தபோது, அதைப் பதிவு செய்யும்படி உத்தரவு போனது தமிழ்நாட்டுப் பதிவாளருக்கு. உலகத்தின் மிகப் பணக்காரக் கிரிக்கெட் வாரியம், நம் தெருவில் குடியிருப்போர் நலச்சங்கம் நிற்கிற அதே வரிசையில் நிற்கிறது.

விளையாட்டு வழக்குகளில் இந்தச் சொல் இன்னும் கூர்மையாகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் நூறு கிராம் எடை கூடுதலால் தகுதி இழந்தார். வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்து கொடுக்கக் கேட்டு விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். வழக்கைக் கேட்டது ஒலிம்பிக்குக்காகப் பாரிஸில் முகாமிட்டிருந்த தனிப் பிரிவு. ஆகஸ்ட் 14-ல் மனு தள்ளுபடி. அதற்கு மேல் யாரிடம் போவது? பாரிஸ் நீதிமன்றமும் இல்லை, டெல்லி உயர் நீதிமன்றமும் இல்லை. தீர்ப்பாயத்தின் விதிப்படி, எந்த ஊரில் விசாரித்தாலும் அதன் சீட் லோசான். மேலே இருப்பது சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் மட்டுமே. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் ஆஸ்திரேலிய ஜூடோ வீராங்கனைகள் இருவருக்கு இடையே அணித் தேர்வுத் தகராறு வந்தது. இருவரும் ஆஸ்திரேலியர், விசாரணையும் சிட்னியில். ஆனாலும் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், சீட் லோசான் என்ற காரணத்தைச் சொல்லித் தலையிட மறுத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தலைமையகம்’ ஹெட்குவார்ட்டர்ஸுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘தலைமையிடம்’ என்றால் வருவாய்த்துறை கையில் இருக்கிறது. ‘தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர்’ என்ற பதவியே உண்டு. அதுவும் நிர்வாகம் நடக்கும் ஊரைத்தான் குறிக்கிறது. ‘பீடம்’ கேட்க கம்பீரமாக இருந்தாலும் அதில் சாமி இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழகப் புலங்களுக்கும் அதுவே பெயர், கலைப்பீடம், மருத்துவபீடம் என்று. ‘ஆசனம்’ அங்கே நாடாளுமன்ற இடத்துக்குப் போய்விட்டது. ‘பதிவு அலுவலகம்’ இந்தியக் கம்பெனிச் சட்டத்துக்குச் சரி. ஆனால் பேச்சில் அது பத்திரம் பதிகிற இடம். அதைவிடப் பெரிய தடை, சுவிஸ் சங்கத்துக்குப் பதிவே இல்லாமலும் சீட் உண்டு.

‘இருக்கை’ மீது எனக்கு ஆசை அதிகம். தமிழில் ‘இரு’ என்றால் உட்கார் என்றும் பொருள், வாழ், நிலைத்திரு என்றும் பொருள். பெருமாள் கோயில்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலம் என்கிறோமே, அதில் ‘இருந்த’ என்பது உட்கார்ந்த. ‘எங்கே இருக்கீங்க?’ என்பதிலோ அது குடியிருத்தல். ஐரோப்பிய மொழிகள் நாற்காலியிலிருந்து ஊருக்கு வரப் பல நூற்றாண்டு எடுத்துக்கொண்ட பாதை தமிழில் ஒரே வினைக்குள் இருக்கிறது. பழைய தமிழில் இருக்கைக்குக் குடியிருக்கும் இடம் என்ற பொருளும் இருந்தது. ஆனால் இன்றைய காதுக்கு ‘ஃபிஃபாவின் இருக்கை’ என்றால் மர நாற்காலி, மிஞ்சிப்போனால் ஹார்வர்டு தமிழ் இருக்கை. எனவே அதே வேரில் பிறந்த ‘இருப்பிடம்’ நடைமுறைக்கு நல்லது. தாலுகா அலுவலகத்தில் இருப்பிடச் சான்று வாங்கிய எவருக்கும் அந்தச் சொல்லில் சட்ட வாசனை உண்டு. முன்னால் ‘சட்ட’ என்று சேர்த்தால் குழப்பம் போய்விடும்.

அப்படி எழுதினால்: ஃபிஃபாவின் சட்ட இருப்பிடம் ஜூரிக், மயாமியில் இருப்பது அதன் அலுவலகம். ஐசிசியின் தலைமையகம் துபாய், சட்ட இருப்பிடம் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் முன் தீர்த்துக்கொள்ளும் வழக்குகளுக்கும் இது உதவும். அங்கே சீட், வென்யூ (விசாரணைக்கு உட்காரும் இடம்) என்று இரண்டு சொற்கள் மோதிக்கொள்ளும். இந்திய உச்ச நீதிமன்றமே 2012-ல் பாரத் அலுமினியம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வை வைத்து அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. சீட்டுக்குச் சட்ட இருப்பிடம், வென்யூவுக்கு அமர்விடம். வினேஷ் வழக்கில் அமர்விடம் பாரிஸ், சட்ட இருப்பிடம் லோசான்.