டாக்: எண்ணை அலையாக்கும் மாற்றி

‘டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்தான் டாக். டிஜிட்டலின் வேர், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘டிஜிட்டஸ்’. விரல்விட்டு எண்ணும் வழக்கத்தால் எண்ணுக்கும் அதுவே பெயரானது. அனலாக்கின் வேர் கிரேக்கத்தில் ‘அனலோகோஸ்’, விகிதத்துக்கு ஏற்றது. ஒலியின் காற்றழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறதல்லவா, அதனால்.

தமிழில் ‘எண்ணிம-ஒப்புமை மாற்றி’ என்று எழுதுகிறோம். ஒப்புமை மூலத்துக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் படிப்பவருக்கு உவமையணி நினைவுக்கு வந்துவிடும். ‘எண்-அலை மாற்றி’ என்றால் வேலை பெயரிலேயே இருக்கிறது. சிடியில் இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் (16 பிட்) ஒன்று. அவற்றை அலையாக்கித் தருவதோடு இதன் வேலை முடிகிறது.

அந்த வேலைக்குப் பெரும் பணம் தேவையில்லை. 16 பிட் சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு சுமார் 96 டெசிபெல். மலிவுப் பலகைகளில் வரும் பிசிஎம்5102ஏ சில்லுக்கே 112 டெசிபெல் என்று தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்கிறது. இதை ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் இணைக்க, பிசிகே (பிட் கடிகாரம்) 12ஆம் பின்னுக்கும், எல்ஆர்சிகே (இடம்-வலம் பிரிக்கும் கடிகாரம்) 35க்கும், டிஐஎன் (எண்கள் வரும் வழி) 40க்கும் போகவேண்டும். எஸ்சிகே (முதன்மைக் கடிகாரம்) முனையைக் கிரவுண்டோடு சேர்க்க மறந்தால் சில்லு தனக்கான கடிகாரத் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சத்தமே வராது, அல்லது இரைச்சல் வரும். ஒலியை அடக்கும் எக்ஸ்எஸ்எம்டி முனை தாழ்நிலையில் இருந்தாலும் ஊமைதான், அதை 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தவேண்டும்.

விலை கூடிய பெட்டிகளில் பெரும்பாலும் பெருக்கியும் (ஆம்ப்ளிஃபயர்) சேர்ந்தே வருகிறது. அதையும் டாக் என்றே அழைப்பதால்தான் குழப்பம். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் தரும், ஃபோனில் செருகும் சிறு டாங்கிள் கொடுப்பது சுமார் 3.3 மில்லிவாட். ஒலி போதவில்லை என்றால் தேவை ஆம்ப்ளிஃபயர், இன்னொரு டாக் அல்ல. 32 ஓம் இயர்ஃபோனுக்கு அதே டாங்கிள் தாராளம்.

‘மாற்றி’ என்ற சொல்லை அடாப்டருக்கும் பயன்படுத்துவது இன்னொரு வம்பு. டைப்-சி முனையும் 3.5 மிமீ துளையும் உள்ள சில கம்பிகளுக்குள் சில்லே கிடையாது. ஃபோனே டைப்-சி வழியாக அனலாக் ஒலியைத் தந்தால்தான் அவை பேசும். வாங்கும்போது ‘உள்ளே டாக் சில்லு இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுங்கள்.

டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் போக, சென்னை ரிச்சி தெருவில் ‘ஆடியோ கன்வெர்ட்டர்’ என்று கேட்டால் கிடைக்கும் சின்னப் பெட்டியோ அசல் எண்-அலை மாற்றிதான். அது ஊமையாக இருந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். டிவி ஒலியைச் சுருக்கி டால்பி வடிவில் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு பிசிஎம் எனும் சுருக்காத எண் வடிவம் மட்டுமே புரியும். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். ஆப்டிகல் கம்பியின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள்.